பாலிபேக்கில் வைத்த மாமனார்

திருப்பூர் அருள்புரத்தில் வந்து சென்னியப்பன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "படம் காட்டுறவர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள், பேக்கரிக்காரரே கடையை விட்டு இறங்கிவந்து கை நீட்டிக் காட்டுவார். பட்டப்பெயர் வைத்தது வெளியாள் இல்லை, அவருடைய சம்சாரம் குப்பாயிதான். "ஊருக்குள்ள அவனவன் சும்மா படம் காட்டறான். எங்கூட்டுக்காரரு நெசமாலுமே படம் காட்டறவருங்க" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

காட்டுவதற்கு அவரிடம் படம் இருந்ததும் உண்மை. மாடியில் ஓர் அறை முழுக்கப் பழைய பிலிம் சுருள்கள். மூடிப்போன டூரிங் டாக்கீஸ்களில் கிடந்தவை, அம்மை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராகக் காட்டிய அரசாங்கப் படங்கள், பணக்கார வீட்டுக் கல்யாணங்கள், முன்னும் பின்னும் தொலைந்து நடுவில் ஒரு சண்டை மட்டும் மிஞ்சிய முழுநீளப் படங்கள். சினிமாப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். தியேட்டருக்குக் கூட்டிப்போனால் இடைவேளைக்குள் குறட்டை விடுகிற ஆசாமி. அவருக்குக் கதை முக்கியமில்லை, சரக்குதான் முக்கியம். ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதற்குள் ஒரு மனுஷன் நிற்கிறானே, அந்த அதிசயம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

பிழைப்பு சாய ஆலையில். லேபில் எடுபிடியாகச் சேர்ந்து, டையிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயம் ஏற்றிய துணியில் காரம் மிச்சமிருக்கும். அதை அடக்க அசிட்டிக் ஆசிட் ஊற்ற வேண்டும். நம் வீட்டு ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, அதனுடைய பெரியண்ணன். கேன் கேனாக ஊற்றி ஊற்றி அந்தப் புளிச்ச நெடி அவருடைய சட்டையில், தலைமுடியில், வண்டி சீட்டில்கூட ஏறிவிட்டது. அவருக்கு மட்டும் அது தெரியாது. அந்த நெடிக்கு அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. வீட்டில் அவர் துணியைத் தனியாகத் துவைத்தாள் குப்பாயி.

பிலிம் வந்து சேர்ந்த வழி சுடலை. திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் வேஸ்ட் வாங்கி விற்று, கூடவே பழைய இரும்பும் எடுக்கிற வியாபாரி. முதல்முதலாக அவன்தான் ஆலை வாசலில் ஆட்டோவை நிறுத்திக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, டப்பாக்குள்ள ரிப்பன் கணக்கா என்னமோ சுத்திக் கெடக்கு. டப்பாவ நான் இரும்புக்குப் போட்டுக்கிடுதேன். உள்ள கெடக்கத நீங்க பாக்கியளா?"

"டப்பாவும் குடுப்பா. டப்பா இல்லாம அத எங்கீன்னு வெக்கறது?"

அன்றைக்கு ஆரம்பித்தது. வெள்ளிச் சத்துக்காகப் பிலிமை எரிக்கிறவன் கைக்குப் போவதற்கு முன்னால் சென்னியப்பன் கைக்கு வந்துவிடும். வந்ததை எல்லாம் துடைத்து, சுருள் திருத்தி, அடுக்கிவைப்பார்.

பத்திரப்படுத்துவதில் அவரைப் போல ஒரு ஆளைப் பார்க்க முடியாது. மிகப் பழைய பிலிமில் ஒரு ரகம் உண்டு, தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். அப்படி ஒன்று வந்தபோது வீட்டில் வைக்கவே இல்லை, விவரம் விசாரித்து அரசாங்கக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அறைக்குள் தீப்பெட்டி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. வாசலில் இரண்டு வாளி மணல். ஈரம் வரக்கூடாது என்று ஜன்னல்களை ஆணி அடித்தே மூடினார். அப்புறம்தான் பேக்கிங். திருப்பூரில் ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பது என்றால் எப்படி? பாலிபேக்கில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே தள்ளி, காற்றைப் பிதுக்கி, வாயை ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் போட வேண்டும். கடலில் ஒரு மாசம் கிடந்து ஐரோப்பா போகிற பனியனே மடிப்புக் கலையாமல் போய் இறங்குகிறது, பிலிமுக்கு என்ன வந்துவிடும்? ஒவ்வொரு சுருளையும் அவர் எக்ஸ்போர்ட் பேக்கிங்தான் செய்தார். பார்த்த ஆலைக்காரர்கள் எல்லாம் "மாஸ்டர்னா மாஸ்டர்தான்" என்றார்கள்.

பதினைந்து வருஷம் இருக்கும். அவிநாசி ரோட்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லை இடித்தார்கள். ஆபீஸ் பீரோவிலிருந்து சுடலை அள்ளிவந்த சாமான்களில் ஒரு சின்ன டப்பா இருந்தது. மில் முதலாளியின் மகன் வெளிநாட்டுக் கேமராவில் விளையாட்டாக எடுத்த படம். கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. மாடிச் சுவரில் ஓடவிட்டார் சென்னியப்பன். முதலாளி வீட்டு நாய், முதலாளி வீட்டுக் கார், காரின் மேல் கைவைத்தபடி முதலாளி வீட்டு அம்மா. கடைசியில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் கேட்டைத் தாண்டி வருகிறார்கள். காப்பி கொண்டுவந்த குப்பாயி டம்ளரோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அது எங்கய்யனுங்க."

குப்பாயிக்கு அப்பாவைத் துளியும் ஞாபகமில்லை. அவள் தவழ்கிற வயசில், இதே மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை லாரி அடித்துவிட்டது. பேர் ஆத்தப்பன். வீட்டில் இருந்தது விறைப்பாக நிற்கிற ஒரே ஒரு போட்டோ, அதையும் பாதி மாலை மறைத்திருக்கும். அந்த முகம் இங்கே கேட்டுக்குள்ளிருந்து யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டுகிறது. அப்போது உயிரோடு இருந்த மாமியாரை மறுநாளே அழைத்துவந்து காட்டினார்கள். அந்த அம்மாள் எழுந்து போய்ச் சுவரைத் தடவி, "அவியதான்" என்றாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள் குப்பாயி.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். "வேண்டாம்புள்ள. ஓட்ட ஓட்டத் தேஞ்சு போயிரும், கீறல் உழுந்துரும். உலகத்துலயே இதொண்ணுதான் இருக்குது."

வேண்டுமென்று செய்ததில்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த டப்பாவுக்கு மட்டும் தனி மரியாதை நடந்தது. குப்பாயி மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அவர் ஒரு பாலிபேக்குக்கு மேல் இன்னொரு பாலிபேக் போட்டு, ஒட்டிய வாயின் மேல் மறுபடி ஒட்டி, யார் கையும் படாத மேல்தட்டில், மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்கு நேர் கீழே ஏற்றிவைத்தார். மகள் தரணி வேலைக்குப் போய் நல்ல செல்போன் வாங்கியபோது, தாத்தா நினைப்பு வந்து, "அப்பா, அப்புச்சி படத்த ஒருக்கா சொவுத்துல போடுங்க, போன்ல புடிச்சு வெச்சுக்கலாம்" என்று கேட்டாள். "போன்ல புடிக்கறதெல்லாம் ஒரு படமா அம்முணி? அது பத்திரமா இருக்குது. எங்கே போயிரப் போகுது?" என்று அனுப்பிவிட்டார். குப்பாயியும் அதற்கப்புறம் கேட்கவில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும் பெருமையாகச் சொல்லுவாள். "எங்கய்யன் எங்கூட்டு மாடிலதானுங்க இருக்கறாரு."

சென்னியப்பன் வேலையிலிருந்து நின்று வீட்டோடு வந்த பிறகுதான் அந்த நெடிச் சண்டை ஆரம்பித்தது.

"ஏனுங்க, மாடி நாறுதுங்க. அந்த ஆசிட் நாத்தம்."

"என்ற சட்டையா இருக்கும்."

"ஆலைப் பக்கம் போயி வருசம் ரெண்டாச்சு. அந்தச் சட்டையெல்லாம் நான் கரித்துணியாக் கிழிச்சுப்போட்டேனுங்க. இன்னும் எங்கிருந்து நாறும்?"

"நாப்பது வருசம் என்னோட குடும்பம் நடத்தி உன்ற மூக்குக்குள்ள ஏறிப்போச்சு. போ, போயி மூக்கக் கழுவு."

இப்படித்தான் கேலி பேசினார். அவள் சொல்லச் சொல்ல அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாடிக்குப் பெருக்கப் போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள் அவள். அவர் அதற்கும் சிரித்தார்.

போன தை மாசம் கோயம்புத்தூரிலிருந்து நித்யஸ்ரீ என்கிற பெண் வந்தாள். பழைய கல்யாணப் பிலிம்களை மெஷினில் ஏற்றிக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுப்பது அவள் தொழில். யாரோ சொல்லி, சென்னியப்பன் சேர்த்துவைத்திருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தாள். அவர் புதுச்சட்டை போட்டு, பெருமையோடு முன்னால் படியேறிப்போய்க் கதவைத் திறந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், உள்ள வினிகர் ஏதாச்சும் கொட்டிருச்சுங்களா?"

கீழே படிக்கட்டில் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த குப்பாயி துள்ளிக் குதிக்காத குறைதான். "கேட்டீங்களா? கேட்டீங்களா? நான் சொன்னாப் பைத்தியக்காரி. இப்ப அந்தப் புள்ளையும் மூக்கக் கழுவிட்டு வரோணுமா?" ஒரே சிரிப்பு அவளுக்கு. காப்பியை வைத்துவிட்டுக் கீழே போய்ப் பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லிச் சிரிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்டது.

மாடியில் சிரிப்பில்லை. நித்யஸ்ரீ பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இந்தப் பிலிம் எல்லாம் அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தது. வயசானால் தானாகவே உடைந்து அசிட்டிக் ஆசிடை விடும். காற்றோட்டமாக, குளிர்ந்த இடத்தில் இருந்தால் நெடி வெளியே போய்விடும், பிலிம் இன்னும் பல காலம் தாங்கும். காற்றுப் புகாமல் அடைத்து வெயில் சூட்டில் வைத்தால், விட்ட ஆசிட் போக இடமில்லாமல் அந்தப் பிலிமையே தின்னும். தின்னத் தின்ன இன்னும் அதிகமாக விடும்.

வேறு யாராவது என்றால் இரண்டாவது தரம் விளக்கியிருக்க வேண்டும். சென்னியப்பனுக்கு முதல் வார்த்தையிலேயே விளங்கிவிட்டது. அசிட்டிக் எப்படிப்பட்டது என்று அவருக்கா தெரியாது? எத்தனையோ டன் துணியின் தலையெழுத்தை அதை வைத்து அவரே எழுதியிருக்கிறார். ஸ்டூலைப் போட்டு ஏறி மேல்தட்டுப் பெட்டியைத்தான் முதலில் இறக்கினார். அலமாரியில் எஞ்சியிருந்த, ஆசிட் அளவு காட்டுகிற பி.எச். பேப்பரை நனைத்து டப்பாவுக்குள் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிறம் மாறிச் செக்கச்சிவந்தது. சுருள் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, இறுகி, ஒரு சுற்றோடு இன்னொரு சுற்று ஒட்டிக் கிடந்தது. மற்ற பெட்டிகளைப் பார்த்தார்கள். ஏனோதானோவென்று டேப் போட்டவை, வாய் சரியாக ஒட்டாதவை எல்லாம் அவ்வளவு மோசமில்லை. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டியதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக அழிந்திருந்தது.

"இதுல யாருங்க சார் இருக்காங்க?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"என்ற மாமனாரு" என்றார்.

அவளிடம் பற்சக்கரம் இல்லாத மெஷின் ஒன்று இருந்தது. சுருங்கிப்போன பிலிமைத் துளையில் பிடித்து இழுக்காமல் உருளையின் மேல் மெதுவாக நகர்த்திப் படம் பிடிக்கும். "ஆனா ஒரே ஒரு தடவைதான் சார். பிரிக்கும்போதே ஒடஞ்சாலும் ஒடையும். முடிஞ்சதுக்கப்புறம் பிலிம் மிஞ்சும்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் கொண்டு வாங்க. அது வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, அழியறது கொஞ்சம் மட்டுப்படும்."

அவள் போனதும் ஆணிகளைப் பிடுங்கி ஜன்னல்களைத் திறந்தார். பெட்டிகளைக் கிழித்து, பாலிபேக்குகளை உருவி, டப்பாக்களின் மூடியைத் தளர்த்தினார். குப்பாயியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. டப்பாவை ஒரு துணிப்பைக்குள் சுற்றி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். அவருடைய புத்தியைப் பாருங்கள், அந்த வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்கிற ஒரே ஆளிடமிருந்து ஒரு சாமானை மறைக்க ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறார்!

மறுநாள் காலையில் கீரை எடுக்கப் போனாள். பையைப் பிரித்ததும் மூடியில் காய்ந்துபோன மஞ்சள் குங்குமம் தெரிந்தது. மூடியைத் திறந்தாள். அந்த நெடி அவளுக்குத் தெரியாததா? கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எங்கய்யன் டப்பாதானுங்களே?"

"ஆமாம்புள்ள."

"அப்ப நாறுனது எங்கய்யனுங்களா?"

அவர் குனிந்துகொண்டார்.

"ரெண்டு வருசமாச் சொன்னேனுங்களே! படியேறுனா நாறுது, படியிறங்குனா நாறுதுன்னு கரடியாக் கத்துனனே! என்ற மூக்கத்தான் கழுவச் சொன்னீங்க. ஓட்டுனாத் தேஞ்சு போயிருமுன்னு ஒருக்காக் கூடக் கண்ணுல காட்டாம வெச்சிருந்து, ஓட்டாமயே தின்னுபோட்டீங்களே! நேத்து நானே ஊரெல்லாஞ் சொல்லிச் சிரிச்சனுங்களே..."

சென்னியப்பன் அழுதார். அவள் அழவில்லை. டப்பாவை எடுத்துப்போய், கீரைக்குப் பின்னால் இல்லை, மேல்தட்டில் பால் பாத்திரத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். அந்த வாரம் முழுக்க வேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. கோயம்புத்தூருக்குக் கிளம்புகிற அன்றுதான் வாய் திறந்தாள். "நானும் வாரனுங்க. டப்பா என்ற மடில இருக்கட்டும்."

பீளமேட்டில் ஒரு மாடியில் நித்யஸ்ரீயின் அறை. ஏ.சி. குளிரில் குப்பாயி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நித்யஸ்ரீ மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். அப்படியே வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் டப்பாவாவது கையில் இருக்கும், படம் பார்க்க முடியாது. மெஷினில் ஏற்றினால் படம் கிடைக்கலாம், பிலிம் போய்விடலாம். "உங்க இஷ்டம்மா" என்றாள்.

சென்னியப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். குப்பாயி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"டப்பாவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? ஓட்டு கண்ணு" என்றாள்.

மத்தியானம் முழுக்க அந்த வேலை நடந்தது. நாய் இருந்த பகுதி பிரிக்கும்போதே தூளானது. காருக்கு நடுவில் நாலைந்து இடத்தில் ஒடிந்தது, நித்யஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். முதலாளி அம்மாவின் முகம் இருந்த இடத்தில் மேல்பூச்சு உரிந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. கேட் வந்தபோது சென்னியப்பன் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உருளைக்கு அந்தப் பக்கம் விழுந்த பிலிம் துண்டு துண்டாகத் தட்டில் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டும் போனதும், "வந்திருக்குங்க" என்றாள் நித்யஸ்ரீ. ஒரு நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நகர்த்திப் போட்டாள்.

ஓரங்கள் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆடின. நடுவில் தெளிவாக இருந்தது. கேட் திறந்தது. ஆட்கள் வந்தார்கள். ஆத்தப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, யாரிடமோ திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தார். முன்பு பார்த்தபோது குப்பாயி அந்த முகத்தில் அப்பாவைத்தான் பார்த்தாள். இப்போது அவளுக்கு வயசு அறுபதை நெருங்குகிறது. திரையில் இருப்பது மீசைகூடச் சரியாக அடர்த்தியாகாத ஒரு பையன்.

"நம்ம தரணியவிடச் சின்னப் புள்ளைங்க" என்றாள், யாரைப் பார்த்தும் சொல்லாமல்.

சென்னியப்பன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் அவரை விரட்டவில்லை. பையன் கேமராவைக் கண்டு வெட்கப்பட்டான், வேட்டியை மடித்துக் கட்டினான், பெடலில் கால் வைத்து எம்பி ஏறினான். லாரிகள் போகிற ரோடு இருக்கிற திசையில் சைக்கிள் திரும்பியது. குப்பாயி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து திரையில் கை வைத்தாள்.

"பாத்துப் போ கண்ணு" என்றாள்.